விடுதிக் கதவும் கண்ணியமான உரையாடலும்

மனிதகுலத்துக்கு ஒரு நற்செய்தி. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் வாயை மூடிக்கொண்டிருக்கும் அதிசயம், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, லாஸ்பேட்டைக் கல்லூரி ஒன்றின் கருத்தரங்கக் கூடத்தில் நிகழ்ந்தேவிட்டது.

நிகழ்த்தியவர் பேராசிரியர் தெய்வசிகாமணி. இரண்டு நாள் பயிற்சிப் பட்டறைக்குப் போனவர், 'கண்ணியமான உரையாடல்' என்ற காய்ச்சலோடு திரும்பியிருந்தார். விதி ஒன்றுதான். எதிராளி சொன்னதை முதலில் நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே உங்கள் கருத்து. கடைசியில் ஓட்டெடுப்பு.

தலைப்பு: பெண்கள் விடுதிக் கதவை ஆறரைக்கு மூடுவதா, எட்டுக்கா?

கார்குழலிக்கு எட்டு வேண்டும். டவுனில் அவள் சேர ஆசைப்பட்ட பிரெஞ்சு வகுப்பு ஏழு மணிக்குத்தான் முடியும். நான்கு காரணங்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

ஆறரையே போதும் என்ற கட்சி இனியவன். வீடு உழவர்கரையில், விடுதி என்பதை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறான். அதனால் இருபது நிமிடம் பேச முடிந்தது.

"பொண்ணுங்களோட பாதுகாப்ப நெனச்சு நீ கவலப்படற," என்று திருப்பிச் சொன்னாள் கார்குழலி.

"நான் படலம்மா. சமூகம் படுது."

"சரி. சமூகம் கவலப்படுது, அதுக்கு நீ மைக் புடிக்கிற."

"சார், டோன் சரியில்ல சார்!"

"டோனும் முக்கியம்," என்றார் தெய்வசிகாமணி கனிவாக. "மறுபடி சொல்லும்மா."

சொன்னாள். மறுபடியும் சொன்னாள். எட்டாவது முறை சொன்னபோது, இனியவன் பேசியதைவிட அது நன்றாகவே இருந்தது.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆமா, இதத்தான் சொன்னேன். இவ்ளோ அழகா சொன்னேன்னு எனக்கே தெரியாது!"

பையன்கள் பெஞ்சு மொத்தமும் கைதட்டியது.

"இப்ப உன் கருத்த சொல்லும்மா கார்குழலி. அவசரமே இல்ல," என்றார் பேராசிரியர்.

அறைத்தோழி பூர்ணிமா அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "ஏய், மணி ஆறு இருவத்தஞ்சுடி. வார்டன் இந்நேரம் பூட்ட கையில எடுத்திருப்பாங்க."

விடுதிப் பெண்கள் அத்தனை பேரும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். கார்குழலி மைக்கை விடாமல் கேட்டாள்: "சார், ஓட்டெடுப்ப மட்டும் நாளைக்கு வெச்சுக்கலாமா?"

"நல்ல கேள்வி. மொதல்ல நீ கேட்டத நான் திருப்பிச் சொல்லிடறேன்ம்மா," என்று தொண்டையைக் கனைத்தார் தெய்வசிகாமணி.

அவள் ஓடினாள்.

ஓட்டெடுப்பு ஆறே முக்காலுக்கு நடந்தது. ஆறரை மணிக் கதவை எதிர்த்து விடுதிப் பெண்களில் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை.