தண்ணீருக்குள் மஞ்சள் கோட்டு

பதினொரு வருஷமாக ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு மலையேறியவள் அவள்தான். கேமரா கணவரின் கழுத்தில் தொங்கும். கேமராவை நிறுத்துகிற நாலு கிலோ ட்ரைபாட் இவள் தோளில். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியாரான அவர் வழியெல்லாம் வெளிச்சத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டே கைவீசி நடப்பார். வீட்டுக் கூடத்தில் ஐந்து பெரிய படங்கள், ஒன்றிலும் அவள் இல்லை. "கொஞ்சம் தள்ளி நில்லு, படத்துல வர்ற" என்பதுதான் கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயால் அவள் அதிகம் கேட்ட வாக்கியம்.

இந்த வருஷம் பொறுமை போய்விட்டது. இந்தத் தடவை அவர் படமெடுக்கக் கிளம்பியது இரண்டு ஆள் உயரம்கூட இல்லாத ஒரு சின்ன அருவியை. இலையுதிர் காலத்தில் ஒரே ஒரு வாரம் சுற்றியுள்ள மரங்களெல்லாம் செக்கச்செவேல் என்று நிற்கும். ஒரு பலத்த காற்று அடித்தால் அத்தனையும் காலி. புறப்படுகிற அன்று காலையில் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இந்த வாட்டி நானும் படத்துல இருக்கணும். இல்லேன்னா இத நீங்களே தூக்கிக்கங்க."

"அதுக்கென்ன, தாராளமா நில்லு" என்றார். எதற்கெடுத்தாலும் மூக்கால் அழுகிற மனுஷர் உடனே தலையாட்டியபோதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சுவர் அகலத்துக்குப் பெரிதாக்க ஒரே கிளிக் போதாதாம். மேல் வரிசையில் ஏழு படம், கீழ் வரிசையில் ஏழு. ஒவ்வொன்றும் பக்கத்துப் படத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு ஏறியிருக்க வேண்டும். அப்புறம் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்துவிடும். அவள் திரைச்சீலைக் கடையில் தையல் மெஷினில் உட்காருகிறவள்.

"ஓரத்துல பூவோட பூ பொருந்தணும், அவ்வளவுதானே?" என்றாள்.

அவருடைய பெரிய வித்தையை அவள் ஒரே வரியில் முடித்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

அருவிக்குப் பக்கத்தில் தண்ணீர் அசையாமல் தேங்கி நிற்கிற இடத்தில் ஒரு தட்டைப் பாறை. மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அதன் மேல் நின்றாள். "அசையாத" என்றார். அசையவில்லை. காற்று அடங்கட்டும் என்று காத்திருந்து, பதினாலையும் இரண்டு தடவை எடுத்தார். சாரலில் கால் மரத்துப்போனது. வந்த தும்மலை விழுங்கினாள். ஆனாலும் சந்தோஷமாக இருந்தாள், சின்னப் பிள்ளை மாதிரி. திரும்பும்போது காரிலிருந்தே அக்காவுக்குப் போன் போட்டாள்.

மூன்று வாரம் அவர் கம்ப்யூட்டரை விட்டு நகரவில்லை. பிறகு நூலக மண்டபத்தில் கண்காட்சி. பன்னிரண்டு அடிப் படம். "அங்க வந்தே பாரு" என்றார். அன்றைக்கு மழை, அதே மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு அக்காவையும் கூட்டிப் போனாள்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை நடந்தாள். திரும்பவும் நடந்தாள்.

"எங்கடி நீ?"

பாறை வெறிச்சென்று கிடந்தது. அவள் நின்ற இடத்தில் சிவப்பு இலைகள். பக்கத்திலிருந்த அதே மூன்று இலைகளை மறுபடி இங்கே ஒட்டியிருப்பது தையல்காரிக்குத் தெரியாதா? அக்காவின் முகத்தைப் பார்க்கக் கூசி, குனிந்து படத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். தேங்கிய தண்ணீருக்குள் ஒரு மஞ்சள் கோட்டு தலைகீழாக நின்றது. மேல் வரிசையில் அவளை அழித்தவர் கீழ் வரிசையை மறந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து நூலகர் அங்கே வந்தார்.

"சார், தண்ணிக்குள்ள யாரோ நிக்கிற மாதிரி இருக்கே?"

கணவர் குனிந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'என் மனைவி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதையெல்லாம் அப்போதே மறந்திருப்பாள்.

"அது யாருமில்லீங்க. பழுத்த இலையோட நிழல்" என்றார்.

நூலகர் படத்தைப் பார்த்தார், அவளுடைய கோட்டைப் பார்த்தார், பிறகு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார்.

கணவர் அவளை ஓரமாக இழுத்துப் போனார். "நல்லவேளை, இப்பவே கண்ணுல பட்டுது. வேற பிரிண்ட் போட்டு சரி பண்ணிடறேன்."

"என்னத் திரும்ப பாறை மேல வெச்சிருவீங்களா?"

"அது எப்படி? அவ்வளவு செவப்புக்கு நடுவுல மஞ்சள் கண்ண உறுத்துது. தண்ணியில இருக்கறதையும் எடுத்துட்டா சரியாயிடும்."

அதில் ஒரு தப்பும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அக்காதான் வீட்டுக்குப் போகிற வரைக்கும் இவள் கையைப் பிடித்திருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பனி விழுவதற்குள் இன்னொரு படம் எடுத்துவிடலாம் என்று அவர் வாசலில் நின்று செருப்பு மாட்டினார். கேமரா கழுத்தில் தொங்கியது.

"கிளம்பலியா? ட்ரைபாட யாரு தூக்கறது?"

அவள் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

"யாருமில்ல" என்றாள்.