மூன்று துண்டு

மார்ச் பதினான்காம் தேதி காலை, ரயில் நிலையத்தின் அறிவிப்பு அறையில் அறிவிப்பாளருக்குக் குரல் தேர்வு நடந்தது. பக்கவாதம் வந்த பிறகு அவர் மைக் முன்னால் உட்கார்ந்தது அன்றுதான். தேறினால் பழைய நாற்காலி. தேறாவிட்டால் அந்த வேலையைப் பதிவுசெய்த குரல் பார்த்துக்கொள்ளும்.

தையல்காரியான மனைவி அறையின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றாள்.

சின்ன வார்த்தைகள் எப்போதோ திரும்பிவிட்டன. நீளமான ஆங்கில வார்த்தைகள்தான் அடம்பிடித்தன. ரயில் தாமதமானால் சொல்ல வேண்டிய 'அன்அவாய்டபிள்' அவற்றில் ஒன்று. பேச்சுப் பயிற்சியாளர் அதை ஐந்து அசைகளாக்கி, அசைக்கு ஒரு தட்டு தட்டச் சொன்னார். அன், அ, வாய், ட, பிள். நடுவில் எங்கோ அறிவிப்பாளர் தொலைந்துபோவார்.

"ஊருக்கெல்லாம் ரயில் வருதுன்னு சொன்ன வாய், ஒரு வார்த்தைக்கு சிக்னல் கிடைக்காம நிக்குதே!" என்று வீட்டில் பயிற்சியின்போது மனைவி சிரிக்கவைக்கப் பார்த்தாள்.

"வெளாடாத. வேலை போயிடும்," என்றார் அவர்.

பிறகு அர்த்தத்தை அவரிடமே கேட்டு, வார்த்தையைத் தானே பிரித்தாள். "கண்ட எடத்துல வெட்டுனா கந்தல்தாங்க. தையல் இருக்கிற எடத்துல பிரிக்கணும். 'அன்'னா 'இல்ல'. அவாய்டுனா தவிர்க்கிறது. ஏபிள்னா முடியிறது. மூணே துண்டு. முன்பக்கம், முதுகு, கை."

துண்டுக்கு ஒரு தரம் கத்தரிக்கோலின் பிடியால் மேசையில் தட்டினாள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். தட்டு நெருங்க நெருங்க, துண்டுகள் ஒட்டிக்கொண்டன. முழு வார்த்தையும் வந்த நாளில் அவர் குழந்தை மாதிரி அழுதார். தட்டில்லாமல் ஒரு முறைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை என்பது இருவருக்கும் உறைக்கவில்லை.

இப்போது சிவப்பு விளக்கு எரிந்தது. ரயில் எண், நடைமேடை எல்லாம் தெளிவாக வந்தன. "அன்..." என்றவர் நின்று, கண்ணாடிப் பக்கம் திரும்பினார். அவள் சுவரில் தட்டினாள். சத்தம் போகாத சுவர். விரலை உயர்த்திக் காட்டினாள்.

"அவங்கள ஏன் சார் பாக்கறீங்க? மைக்கப் பாருங்க," என்றார் உள்ளே தேர்வு நடத்திய அதிகாரி.

அறிவிப்பாளர் தானே மேசையில் விரல் முட்டியால் தட்டினார். மூன்று தட்டு. வார்த்தை முழுதாக வந்தது. கண்ணாடிக்கு வெளியே இருந்த ஒலிபெருக்கியில் மூன்று இடியும் சேர்ந்து விழுந்தன.

"வார்த்தை சரிதான் சார். ஆனா தட்டுற சத்தம் பிளாட்பாரம் பூரா கேக்கும். கையக் கட்டிக்கிட்டு ஒரே ஒரு தடவ சொல்லிடுங்க."

"தொடையில தட்டுங்க! தொடையில!" கண்ணாடியில் முகத்தை ஒட்டிக் கத்தினாள் மனைவி. உள்ளே கேட்கவில்லை.

அவர் கைகளைக் கட்டிக்கொண்டார். உதடு அசைந்தது. "அன்" என்றார். மறுபடியும் "அன்" என்றார். விளக்கு அணைந்தது.

அன்று மாலை தாமதமான ரயிலைப் பதிவுசெய்த குரல் அறிவித்தது. திங்கட்கிழமை முதல் அவருக்குப் பார்சல் அறையில் வேலை போட்டார்கள்.