மண்திட்டைக் கடந்த ஒட்டகம்

எங்கள் கால்வாயின் நடுவில் ஒரு வளைவு இருக்கிறது. பாறை காரணமல்ல, அரசியல். ஒரு கட்சி கிழக்கிலிருந்து வெட்டியது. அது தோற்றதும் வந்த கட்சி, பழைய பள்ளத்தைத் தொடர்வது கௌரவக் குறைச்சல் என்று மேற்கிலிருந்து வெட்டியது. இரண்டு பள்ளமும் நேருக்கு நேர் வரவில்லை. இழுத்து ஒட்டவைத்தார்கள். மண் சரிந்து செத்தவர்கள் இரண்டு தரப்பிலும் உண்டு. அவர்களுக்கு மட்டும் எந்தக் கட்சியும் உரிமை கொண்டாடவில்லை.

கடைசியில் மிஞ்சியது குறுக்கே ஒரு மண்திட்டு. வடகரையில் பழைய கட்சியின் ஆட்கள், தென்கரையில் நாங்கள். திட்டைத் தகர்த்துவிட்டால் கடக்க வழியில்லை. பாலம் கட்டுவதாக இரண்டு கட்சியும் வாக்குக் கொடுத்திருந்தன. ஆகவே பாலம் வராது.

வெடி வைப்பது என் அக்காவின் வேலை. அவள் கட்டிக்கொள்ளப் போகிறவன் வடகரையில் மண்வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறவன். கழுத்து நீளம் என்பதால் பெயர் ஒட்டகம்.

"திட்டு இருக்கும்போதே வந்து சேரு. அப்புறம் நீந்தி வந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள்.

திறப்பு விழா அன்று எங்கள் கரை மேடையில் அமைச்சர். எதிர்க்கரையில், அழைக்காமலே வந்த மாஜி அமைச்சர், சொந்த மேடை, சொந்த மைக். இருவர் முன்னாலும் ஒரு பொத்தான். இரண்டுமே பொம்மை. நிஜப் பொத்தான் எங்கள் தகரக் கொட்டகையில், அக்காவின் விரலடியில். அமைச்சர் அமுக்கியதும் சிவப்புக் கொடி ஆடும், அவள் அமுக்க வேண்டும்.

கொடி ஆடியது. அதே நேரம் ஒட்டகம் திட்டில் ஏறினான், இயந்திரத்தோடு!

"டேய், உன் மாமன் வண்டியோட வர்றாண்டா!" என்றாள் அக்கா, பக்கத்தில் நின்ற என்னிடம்.

ஆமை அதை முந்திவிடும். கொடி மறுபடி ஆடியது. அமைச்சர் இரண்டு கையாலும் அமுக்கினார். மாஜியும் அமுக்கினார்.

வாக்கிடாக்கியில் பொறியாளர் அலறினார். "என்னம்மா ஆச்சு?"

"ஒயர்ல கோளாறு சார்."

"திட்டு மேல என்னமோ ஊருதே?"

"அதான் சார் கோளாறு."

அக்கா வெளியே ஓடினாள். "அடப்பாவி! அடியில வெடி இருக்கு, ஒயரை மிதிச்சுடாத!"

"அதான் மெதுவா வர்றேன்!" என்று கழுத்தை நீட்டிக் கத்தினான். "இதை அக்கக்கா கழட்டி வித்துடுவாங்க. விட்டுட்டு வர முடியாது!"

"நான் முக்கியமா, அது முக்கியமா?"

"ரெண்டு பேரும்தான்!"

ஜனங்கள் மேடையை மறந்து ஒட்டகத்துக்குக் கைதட்டினார்கள். தனக்குத்தான் என்று நினைத்து அமைச்சர் கும்பிட்டார். மாஜியும் கும்பிட்டார்.

வண்டி கொட்டகைக்குப் பின்னால் வந்து நின்றது. ஒட்டகம் குதித்து உள்ளே வந்தான். "மச்சான், தண்ணி குடு."

"இன்னும் மச்சான் ஆகல" என்றேன்.

அக்கா திட்டில் யாருமில்லை என்று பார்த்துவிட்டு அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "நீயே அமுக்கு."

"நான் அந்தப் பக்கத்து ஆளுடி."

"இப்ப இல்ல."

அமுக்கினான். திட்டு எழும்பி வானத்தில் நின்று விழுந்தது. அப்போது அமைச்சர் சோடா குடித்துக்கொண்டிருந்தார், மாஜி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். யார் திறந்தது என்று இன்றும் சட்டசபையில் சண்டை நடக்கிறது.

புகை அடங்கியதும் எதிர்க்கரையிலிருந்து ஒட்டகத்தின் மேஸ்திரி கூவினார். "டேய், வண்டியைத் திருப்பிக் கொண்டுவாடா!"

இடையில் ஒரு கப்பல் போகிற அளவுக்குத் தண்ணீர். ஒட்டகம் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"பாலம் வரட்டும் அண்ணே!"