மாமனார் அடித்த பாஸ்வேர்டு

கோட்டைமேட்டில் முஜீபின் ஆல்பம் கடைக் கம்ப்யூட்டருக்குக் கொஞ்ச நாளாகவே மூச்சு முட்டியது. கல்யாணப் படங்கள் நாலைச் சேர்த்துத் திறந்தால் போதும், அப்படியே உறைந்து நிற்கும். மெமரி போதாதபோது பயன்படுத்திக்கொள்ள டிஸ்கில் 'ஸ்வாப்' என்று கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கும். அதைப் பெரிதாக்க வேண்டும், அவ்வளவுதான். பொள்ளாச்சி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே முஜீப் ஃபோன் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தான். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய லினக்ஸ் டிஸ்க். உள்ளே எதற்கும் பிரித்துக் கொடுக்காத இடம் மிச்சம் கிடந்தது. அதை எடுத்து ஸ்வாப்போடு சேர்த்தான். வேலை சுத்தம்.

அதோடு விட்டிருக்கலாம். ரீஸ்டார்ட் செய்யத் தேவையே இல்லை. ஆனால் கை சும்மா இருக்குமா? அணைத்து எழுப்பிப் பார்த்தால் ஒரு திருப்தி என்று தட்டிவிட்டான்.

தட்டிய பிறகுதான் நினைவு வந்தது. பூட்டிய டிஸ்க் எழும்போது பாஸ்வேர்டு கேட்கும். அதுவும் ஃபோனில் கேட்காது, கம்ப்யூட்டருக்கு முன்னால் இருக்கிற ஆளிடம்தான் கேட்கும். அங்கே இருந்தவர் மாமனார் அப்துல் வஹீது. பாஸ்வேர்டோ, பெருநாளன்று ஒரு கிலோ கறியில் அவர் ஊருக்கே விருந்து வைத்த கோபத்தில் அவரைப் பற்றியே வைத்தது.

ஃபோன் அடித்தது. "மாப்ள, கம்ப்யூட்டர் என்னமோ கேக்குதுங்க. ஆல்பம் பாக்க லட்சுமணசாமி ஊட்டு ஆளுக எல்லாம் வந்து உக்காந்திருக்காங்க."

முஜீபுக்கு உண்மையிலேயே பயம். மாமனார் மனம் கோணினால் மனைவி ரூபினா முகத்தில் எப்படி விழிப்பது? எழுத்தெழுத்தாகச் சொன்னால் மனிதருக்குப் புரியாது என்று நம்பினான்.

"எம்... ஏ... எம்... ஏ..."

மாமனார் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். திரையில் வெறும் நட்சத்திரங்கள். தப்பு என்றது. மறுபடியும் தப்பு. லட்சுமணசாமிக்குப் பொறுமை போய்விட்டது. ஃபோனை வாங்கி, முஜீப் சொல்லச் சொல்ல ஆல்பம் கவரில் எழுதிக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கும்படி படித்தார்.

"மாமா கஞ்சப்பிசினாரி. சரிதானுங்களா தம்பி?"

முஜீப் கண்ணை இறுக மூடிக்கொண்டான். "சரிதானுங்க."

கம்ப்யூட்டர் திறந்துகொண்டது.

பொள்ளாச்சியில் இறங்கும்போது மாமனாரே கூப்பிட்டார்.

"மாப்ள, அந்தப் பாஸ்வேர்ட மொதல்ல மாத்திப்போடுங்க. கடைக்கு வந்தவங்க அத்தனை பேருக்கும் இப்ப நாந்தான் டீ வாங்கிக் குடுத்தேன்."

முஜீபுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதரைப் போய் இப்படி எழுதினோமே! "எத்தனை பேருங்க மாமா?"

"ஒம்போது பேரு. மூணு டீ. தாராளமாப் பத்துச்சுங்க."

"சரிங்க மாமா," என்றான் முஜீப்.

பாஸ்வேர்டை மாற்றவில்லை.