அப்பா பேசும் காட்சி

ஓரகத்திகள் இருவரும் முகம் கொடுத்துப் பேசி வெகு நாளாகியிருந்தது. வேலை ஒரே கட்டடத்தில்தான். ஆனாலும் சேதி எல்லாம் கணக்கர் வாய்வழியாகத்தான் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் போய் வரும்.

அந்தத் திரைப்பட மன்றத்தைத் தொடங்கியவர் பெரியவளின் கணவர். கையில் காசில்லாமல் படம் எடுக்க வருகிறவர்களுக்குக் கேமராவும் எடிட்டிங் அறையும் இலவசமாகக் கொடுப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் எடுக்கச் சொல்லித் தருவார்கள். அவர் கண்ணை மூடியதும் பெரியவள் தலைவி ஆனாள். எடிட்டிங்கையே தொழிலாகக் கொண்ட சின்னவள் பிள்ளைகளுக்கு டீச்சராகவே நின்றுவிட்டாள். லென்ஸ் மூடியைக் கழற்றத் தெரியாதவள் தன்னை அதிகாரம் பண்ணுகிறாளே என்பது அவளுடைய தீராத வயிற்றெரிச்சல்.

ஆண்டு விழாவன்று மத்தியானம், மாலையில் திரையிடவேண்டிய படங்களை ஓட்டிப் பார்த்தாள் சின்னவள். ஊசியின் படத்தில் ஒரு காட்சியைக் காணோம்.

ஊசி என்பது வகுப்புப் பெண் ஒருத்தியின் பட்டப்பெயர். ஆளும் ஒல்லி, வாயும் குத்தும். தன் வீட்டு ஞாயிற்றுக்கிழமை ஒன்றைப் படமாக எடுத்திருந்தாள். அதில் லிஃப்ட் மெக்கானிக்கான அவள் அப்பா, கேமரா ஓடுவது தெரியாமல், சட்டைக்கு இஸ்திரி போட்டபடி பேசுவார்: “உங்கம்மாவ நான் புடிச்சுக் கட்டல. வீட்ல சொன்னாங்க, கட்டினேன். இன்னிவரைக்கும் மனசு ஒட்டல.” படத்துக்கு உயிரே அதுதான் என்று சின்னவள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

“பெரியம்மாதான் எடுக்கச் சொன்னாங்க,” என்று கணக்கர் கையைப் பிசைந்தார்.

சின்னவள் தடதடவென்று மாடியேறினாள். பெரியவள் மாலைக்கான புடவையை மடித்துக்கொண்டிருந்தாள்.

“என் பிள்ளைங்க படத்துல கை வைக்க உங்களுக்கு என்ன தெரியும்?”

“காரணம் இருக்கு. இன்னிக்கு விடு.”

“நன்கொடை குடுக்கிற பெரிய மனுஷங்க முகம் சுளிப்பாங்க. அதானே?”

பெரியவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அப்படித்தான்னே வச்சுக்கோ.”

அந்த அலட்சியம்தான் சுருக்கென்று தைத்தது. சின்னவள் நேராக எடிட்டிங் அறைக்குப் போனாள். தன் ஹார்டு டிஸ்கில் இருந்த முழுப் படத்தை எடுத்து, வெட்டிய பிரதி இருந்த இடத்தில் போட்டுவிட்டு வந்தாள். உன் மூக்கை இன்றைக்கு உடைக்கிறேன் பார் என்று மனசு கறுவியது.

அரங்கம் நிறைந்திருந்தது. ஊசியின் அப்பாவும் அம்மாவும் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பக்கத்து இருக்கைக்காரியிடம், “எம்பொண்ணு எடுத்த படம்,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திரையில் இஸ்திரிப் பெட்டி வந்தது. அப்பா பேசினார்.

அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். அப்பா தலை குனிந்தபடி பின்னாலேயே ஓடினார். படம் முடிந்ததும் விவரம் தெரியாத சிலர் கை தட்டினார்கள்.

சின்னவள் இருந்த புரொஜெக்டர் அறைக் கதவு படாரென்று திறந்தது. ஊசி நின்றாள். அவளுக்குப் பின்னால் பெரியவள்.

“யாரக் கேட்டுப் போட்டீங்க?”

“உன் படத்த வெட்டிட்டாங்கம்மா. நான்தான்…”

“வெட்டச் சொன்னதே நான்தான்! எங்கம்மா வராங்கன்னு தெரிஞ்சதும் உங்ககிட்டதான் முதல்ல வந்தேன். ‘கோழை மாதிரி பேசாத, அதான் படத்தோட உயிரு’ன்னு வெரட்டினீங்க. அதான் அவங்ககிட்ட போனேன்.”

ஆமாம், வந்தாள். வந்து, சன்னல் ஓரமாக நின்று ஏதோ முனகினாள். மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னது சின்னவளுக்கு ஞாபகம் வந்தது.

ஊசி விடுவிடுவென்று போய்விட்டாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்றாள் சின்னவள்.

“யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு அழுதா அந்தப் பொண்ணு. நான் வாக்கு குடுத்தேன். நீ என்னைத் தோக்கடிக்கணும்னு போட்ட. நல்லாவே தோக்கடிச்ச.”

“நான் வேலைய விட்டுடறேன்.”

“வேணாம். எடிட்டிங் சொல்லித் தர எனக்கு வேற ஆள் கிடையாது. ஆனா எங்கிட்ட வந்து நிக்காத. உன் மூஞ்சியப் பாத்தா பத்திக்கிட்டு வருது.”

ஊசி அதற்கப்புறம் மன்றத்துப் பக்கம் தலை காட்டவில்லை. அவள் அம்மா தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாகக் கணக்கர் சொன்னார். சின்னவள் மன்னிப்புக் கேட்கப் போனபோது, ஊசியின் அப்பா கதவைப் பாதி திறந்து, “போதும்மா, நீங்க செஞ்சது,” என்று சாத்திவிட்டார்.

அடுத்த வகுப்புக்கு மற்ற பிள்ளைகள் வந்தார்கள். வழக்கமான கும்மாளம் இல்லை. ஒவ்வொருவரும் தங்கள் படத்துக்குப் புதிதாகப் பாஸ்வேர்டு வைத்திருந்தார்கள். முன்வரிசைப் பெண் விசைப்பலகையில் கையை வைத்தபடி, “மேடம், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா?” என்றாள்.

சின்னவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். எல்லாரும் தட்டி முடிக்கும்வரை அப்படியே நின்றாள்.