தாளுக்கு வெளியே விழுந்த புள்ளி

நாளைக்கான புள்ளி சுலக்ஷனாவின் வரைபடத்தில் இன்றே விழத் தொடங்கியது மழை பிடித்த ஆனி மாதத்தில். தேயிலைத் தோட்டத்துக் கீழ் லயத்து வரிசை வீடொன்றில் அம்மா அழகம்மாவோடு இருந்த அவள், ஹட்டன் மாலை வகுப்பில் கற்ற சிதறல் வரைபடத்துக்காக, பெய்த மழையைக் கிடையாகவும் மலைச்சரிவை ஒட்டிய பின்சுவர் வெடிப்பின் அகலத்தை நெடுக்காகவும் வைத்து, தினம் ஒரு புள்ளி குறித்து, தாளைச் சுவரில் ஒட்டியிருந்தாள். மழை கூடக் கூட வெடிப்பும் கூடியது. புள்ளிகள் வலப்பக்கமாக மேலேறின. தானாக விழுந்த நாளைய புள்ளியைத் தன் கைப்பிழை என்றே நினைத்து ரப்பரால் அழித்தாள். மறுநாள் அளந்தபோது கணக்கு அழித்த இடத்துக்கே வந்து நின்றது. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் வாசலில் நின்று, "நாளைக்கு எம்புட்டுடி மழை?" என்று கேட்டுவிட்டுப் போகப் பழகினார்கள்.

புள்ளிகள் தாளின் மூலையை நெருங்கியபோது, மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாமென்று லயத்தில் மூட்டை கட்டினார்கள். அதற்குள் ஆடித் திருவிழா வந்தது. வழக்கம்போல வெடிப்புகளைக் களிமண்ணால் அடைத்து வெள்ளையடித்தார்கள். அதன்பின் எவ்வளவு பெய்தும் புள்ளிகள் அடிக்கோட்டிலேயே படுத்துக் கிடந்தன. "அம்மன் மலையப் புடிச்சு நிறுத்திருச்சு. இன்னும் என்னாத்த அளக்குற புள்ள?" என்று சிரித்தார் பக்கத்து வீட்டுச் சிவசாமி. மூட்டைகள் அவிழ்ந்தன. தான் அளப்பது வெடிப்பை அல்ல, பூச்சை என்று சுலக்ஷனாவுக்குத் தோன்றியது; தன் கணக்குதான் தப்போ என்று வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த புள்ளி தாளில் விழவில்லை. தாளுக்கு மேலே, புது வெள்ளைச் சுவரில், கூரையை ஒட்டிக் கரியாக நின்றது.

"திருவிழாவுக்கு அடிச்ச சுவத்துலயா கரி வைக்கிற? ஒனக்குப் படிப்பு ஒரு கேடா?"

"நான் வைக்கலம்மா. வெடிப்ப நம்மதான் பூசி மறைச்சோம். உள்ளுக்குள்ள அது விரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. தாள் பத்தாம சுவத்துக்கு ஏறிருச்சு. நாளைக்கும்மா."

அழகம்மா எட்டித் துடைக்கப் பார்த்தாள், கை எட்டவில்லை. அரைவேக்காட்டுச் சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கித் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தாள். கொதிக்கிற பானையோடு ஒருத்தி போவதைக் கண்டதும் லயமே பின்னால் கிளம்பியது. சிவசாமி முனகிக்கொண்டே கோழியை இடுக்கிக்கொண்டு கடைசியாக வந்தார்.

மறுநாள் மத்தியானம் மலை இறங்கி லயத்தின் மேல் உட்கார்ந்தது. அன்றைய அகலத்தை அளக்கச் சுவர் இல்லை.

தருவதாகச் சொன்ன வீடுகள் ஒரு வருடமாகியும் இன்னும் வரவில்லை. பள்ளிக்கூட மண்டபத்திலேயே இருக்கிறார்கள். அங்கே யாரும் தாள் ஒட்டவில்லை. புள்ளிகள் நேராகச் சுவரிலேயே விழுகின்றன. காலையில் பேர் பதியப் பெரட்டுக்குப் போகும் பெண்கள் மழைக்குப் பொலித்தீன் எடுப்பதா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். இந்த ஆனியில் அவை வலப்பக்கமாக மேலேறத் தொடங்கின. இடம் போதாதென்று கண்ட அழகம்மா, மேலே தொங்கிய கடிகாரத்தைக் கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டினாள்.