எடைக்கு எதிர்விசை எது?

அந்தப் பள்ளிக்கூடத்து இயற்பியல் வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'தீர்ப்பு'. அவர் சொன்னால் சொன்னதுதான், மேல்முறையீடு கிடையாது. பத்தாம் வகுப்பில் 'அ' பிரிவு அவருக்கு, 'ஆ' பிரிவு அவர் மனைவிக்கு. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே பாடம் என்றால் வீடு எப்படி இருக்கும், கேட்கவா வேண்டும்! போதாததற்கு, இந்த வருஷம் ஒருவர் பிரிவை மற்றவர்தான் திருத்த வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். இந்தத் தேர்வு மார்க்கை வைத்துத்தான் மேல்வகுப்பில் அறிவியல் பிரிவு கொடுப்பார்கள்.

சாப்பாட்டு மேசை முழுக்க விடைத்தாள். மேசைமேல் ஒரு புத்தகம் சும்மா இருக்கிறது, அதன் எடைக்கு எதிர்விசை எது என்று ஒரு கேள்வி. புத்தகம் பூமியை மேல்நோக்கி இழுப்பதுதான் என்று மனைவியின் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுதியிருந்தார்கள். தீர்ப்பு சிவப்பு மையால் அடித்துக்கொண்டே போனார்.

"என்னங்க பண்றீங்க? அதுதாங்க சரி!"

"மேசை புத்தகத்தை மேல தள்ளுதில்ல? அதுதான் எதிர்விசை. கண்ணுக்கு முன்னாடி மேசை இருக்கு, இவங்க பூமியைப் போய் இழுக்கறாங்களாம்!"

மனைவி விருட்டென்று எழுந்துபோய்ச் சமையலறைத் தராசைக் கொண்டுவந்தாள். அதன்மேல் ஒரு புத்தகத்தை வைத்து உள்ளங்கையால் அமுக்கினாள். முள் ஏறியது.

"தராசு மேல தள்றது கூடிடுச்சு. புத்தகத்தோட எடை கூடிச்சா?"

"இல்ல."

"ஜோடின்னா ரெண்டும் எப்பவும் சமமால்ல இருக்கணும்? பூமி புத்தகத்தை இழுக்குது, புத்தகம் பூமியை இழுக்குது. ஜோடி முடிஞ்சுது. மேசைக்கு இதுல என்ன வேலை?"

அவர் பார்வை தன் பிரிவு விடைத்தாள் கட்டுக்குப் போனது. அவர் பிரிவில் எல்லோரும் அவர் சொன்னதைத்தான் எழுதியிருப்பார்கள். சொந்த மகளும் அதே பிரிவுதான். மனைவி அவள் தாளை எடுத்துத் திருத்திக் கூட்டிப் பார்த்தாள். அறிவியல் பிரிவுக்கு ஒரு மார்க் குறைந்தது. மகளோ விவரம் தெரிந்த நாளிலிருந்து டாக்டர் டாக்டர் என்று உயிரை விடுகிறவள்.

"இவளுக்கு மட்டும் போட்டுடேன்" என்றார். தன் குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

வாசற்படியில் மகள் நின்றிருந்தாள். முகமெல்லாம் அழுகை. "எனக்கு மட்டும் வேண்டாம்பா. தப்பா சொல்லிக்குடுத்துட்டேன்னு கிளாஸ்ல சொல்லுங்க. எல்லாருக்கும் மறுபடி டெஸ்ட் வைங்க."

மறுநாள் தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, வகுப்பில் சொல்லியே விட்டார். அதற்குள் சட்டை நனைந்துவிட்டது. மறுதேர்வு என்றதும் பிள்ளைகள் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். அப்பாடா, மகள் பிழைத்தாள் என்று மூச்சு விட்டார்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள்.

"சார், போன வருஷம் எங்கக்கா உங்ககிட்டதான் படிச்சா. இப்ப சரின்னு சொன்னீங்களே, அதைத்தான் எழுதினா. நீங்க அடிச்சுட்டீங்க. ஒரு மார்க்ல சயின்ஸ் குரூப் போச்சு."

அவருக்கு அந்த முகம் நினைவில்லை. "இப்ப என்னம்மா பண்றா?"

"துணிக்கடையில நிக்கறா சார். அவளுக்கு எப்ப சார் டெஸ்ட்?"